மைலேஜ் திடீர்னு குறையுதா? வீல் அலைன்மென்ட்டால் எவ்வளவு பெட்ரோல் வீணாகும்?

அதே கார், அதே ஆபீஸ் ரூட், அதே ஏசி. ஆனா மழைக்காலம் முடிந்த கையோடு, லிட்டருக்கு 15 கி.மீ கொடுத்த வண்டி 14-ஐத் தாண்ட மாட்டேங்குது. சர்வீஸுக்கு விட்டால், "அலைன்மென்ட் பண்ணிடலாமா சார்?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். பில்லில் சில நூறு ரூபாய் கூடும்.

உண்மையிலேயே அலைன்மென்ட்டுக்கும் மைலேஜுக்கும் தொடர்பு இருக்கா? இருக்கு. ஆனா இதில் அதிகம் அடி வாங்குவது பெட்ரோல் இல்லை, டயர்.

அலைன்மென்ட் என்றால் என்ன?

சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று கார் நிறுவனம் ஒரு அளவு வைத்திருக்கும். அந்த அளவுக்குச் சக்கரங்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அலைன்மென்ட். இதில் மூன்று கோணங்கள் முக்கியம்.

* டோ: மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது. பாதங்களை உள்பக்கம் திருப்பி நடப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.
* கேம்பர்: முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது.
* காஸ்டர்: ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்வு. ஸ்டீயரிங் தானாக நேராவதற்கு இது உதவுகிறது.

மைலேஜில் முதலில் கைவைப்பது டோதான். பள்ளத்தில் 'டமால்' என்று இறங்கும்போதும், பிளாட்பாரத்தில் சக்கரம் மோதும்போதும் எளிதில் மாறிவிடுவதும் இதுதான்.

பெட்ரோல் எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்கு. கார் நேராகப் போகிறது, ஆனா ஒரு சக்கரம் 1 டிகிரி திரும்பி நிற்கிறது. அந்த டயர் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு இது சுமார் 17 மீட்டர். மாதம் 1,000 கி.மீ ஓட்டினால் 17 கி.மீ தூரத்துக்கு டயரைத் தரையில் பக்கவாட்டில் தேய்த்த மாதிரி. அந்த உராய்வை மீறி வண்டியைத் தள்ள இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும்.

கோணம் கூடும்போது இழப்பு அதைவிட வேகமாகக் கூடும். விலகல் இரண்டு மடங்கானால், இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் அரை டிகிரிக்குள் இருக்கும் லேசான விலகலில் மைலேஜ் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். பெரிய விலகலில்தான் பர்ஸில் அடி தெரியும்.

ரூபாயில் பார்க்கலாம். மாதம் 1,000 கி.மீ, லிட்டருக்கு 15 கி.மீ, பெட்ரோல் சுமார் 100 ரூபாய். 2 சதவீத இழப்பு என்றால் மாதம் 130 ரூபாய் மாதிரி. வருஷத்துக்கு 1,600 ரூபாய்.

பெரிய செலவு டயரில்

டோ தவறிய டயர் சீராகத் தேயாது, ஒரு ஓரம் மட்டும் மழுங்கும். நடுவில் பட்டன் நன்றாக இருந்தாலும் ஓரம் போய்விட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். ஒரு டயரே சில ஆயிரம் ரூபாய்.

இதில் பாதுகாப்பும் இருக்கு. காருக்கு டயர் பட்டனின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ இருக்க வேண்டும். டயர் பள்ளங்களுக்குள் தெரியும் குட்டி மேடுதான் அதற்கான அடையாளம். ஓரம் மழுங்கிய டயர் ஈர ரோட்டில் தண்ணீரைச் சரியாக வெளியேற்றாது. பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும்.

நீங்களே எப்படி கண்டுபிடிப்பது?

* நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா?
* வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? மழைநீர் வடிய ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும் என்பதால் இடப்பக்கம் லேசாக இழுப்பது சகஜம். சமமான ரோட்டிலும் இழுத்தால் கவனிக்க வேண்டும்.
* வண்டி நிற்கும்போது டயர் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறியிருக்க வாய்ப்பு அதிகம்.

வேகம் போகும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் பிரச்சினை. இரண்டும் வேறு வேறு வேலை.

கடையில் என்ன கேட்கணும்?

வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரிண்ட்-அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். பல சின்ன கார்களில் முன்சக்கர டோவை மட்டும்தான் அட்ஜஸ்ட் செய்ய முடியும். 'கேம்பர் கரெக்‌ஷன்' என்று தனியாக பில் வந்தால், எந்தப் பாகத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. டை ராட் எண்ட், புஷ் போன்றவை தேய்ந்து ஆடினால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் செய்த அலைன்மென்ட் நிற்காது.

பொதுவாக 5,000 முதல் 10,000 கி.மீக்கு ஒருமுறை செக் பண்ணினால் போதும். பெரிய பள்ளத்தில் அடிபட்டாலோ, சஸ்பென்ஷன் வேலை பார்த்தாலோ, புது டயர் போட்டாலோ அப்போதே பார்த்துவிடுங்கள்.

பைக் வைத்திருக்கிறீர்களா?

செயினை டைட் பண்ணிய பிறகு, பின்சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் முன்பின்னாக இருந்தால் சக்கரம் கோணலாக ஓடும். செயினும் டயரும் சீக்கிரம் தேயும்.

சரி, மைலேஜ் ஏன் 14 ஆனது?

15-லிருந்து 14 என்பது கிட்டத்தட்ட 7 சதவீதம். லேசான அலைன்மென்ட் விலகல் மட்டுமே இவ்வளவு குறைக்காது. டயர் காற்று, மழைக்கால டிராஃபிக் என எல்லாம் சேர்ந்திருக்கலாம். நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 5 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் 1 சதவீதம் போச்சு.

அதனால் வரிசை இதுதான்: முதலில் காற்று. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். அப்புறம் டயரைத் தடவிப் பாருங்கள். ரம்பம் மாதிரி இருந்தால் தள்ளிப் போடாமல் அலைன்மென்ட்டுக்கு விடுங்கள்.