பினாங்கில் மலையேறிக் கூடாரம் போட: எங்கே, எப்போது, எப்படி?

பினாங்குத் தீவில் மலையேறி, கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கிவர நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஏறும் மலை வேறு, படுக்கும் இடம் வேறு. பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் நினைத்த இடத்தில் கூடாரம் அடித்துவிட முடியாது. ஜார்ஜ்டவுனுக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புக் காடு அது. முறையாக அனுமதி வாங்கித் தங்க வேண்டுமானால் தீவின் வடமேற்கு மூலைக்கு, தெலுக் பாஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். கொடிமலை, தாவரவியல் பூங்கா, தேசியப் பூங்கா எல்லாம் சேர்ந்த 12,481 ஹெக்டர் பரப்பைத்தான் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

கொடிமலையின் உச்சி 833 மீட்டர். மூச்சு முட்டுகிற உயரமில்லை. அதனால்தான் பலர் அதை இலேசாக நினைத்துவிடுகிறார்கள். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து மேலே போகும் ஜீப் பாதை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். தார்ச்சாலைதான், வழி தவறாது. ஆனால் செங்குத்து. பழகியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுவார்கள். புதியவர்கள் இரண்டு, இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நெஞ்சு படபடக்கும். இறங்கும்போது முழங்கால் அழும். முழங்கால் வலி உள்ளவர்கள் நடந்து ஏறி, 1923 முதல் ஓடும் மலை ரயிலில் இறங்கிவிடுவது நல்லது. பராமரிப்புக்காக ரயிலைச் சில நாட்கள் நிறுத்துவதுண்டு, எனவே புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதை வேண்டுமென்றால், தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையோரம் உள்ள வட்டக் கல்வாசலில், மூன்கேட்டில், தொடங்கலாம். அந்தப் பாதை மேலே ‘84’ என்று நடப்பவர்கள் அழைக்கும் இளைப்பாறும் இடத்தில் ஜீப் பாதையோடு சேரும். மரவேர்களையே படியாக மிதித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. மழைக்கு மறுநாள் அவை வழுக்கும்.

பினாங்கு மலைகளில் ஆளைக் கவிழ்ப்பவை மழையும் இருட்டும்தான். இருட்டை முதலில் பார்ப்போம். இங்கே சூரியன் மறைவது மாலை ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில். ஊரில் அப்போது நல்ல வெளிச்சம் இருக்கும். மரங்கள் அடர்ந்த பள்ளத்திலோ ஆறரைக்கே காலடி தெரியாது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான கிளையில் இறங்கி, கைப்பேசியின் விளக்கையே நம்பி நடந்து, அதன் மின்கலமும் தீர்ந்துபோக, தீயணைப்பு மீட்புப் படையினர் தேடி வரும்படி ஆவது இப்படித்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் காட்டுப் பாதையில் ஏறத் தொடங்காதீர்கள். தலையில் மாட்டும் டார்ச் விளக்கு ஒன்று, பகல் நடைக்கும்கூட, பையில் இருக்கட்டும். வழி தவறியது தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நினைப்பது ஆபத்து. ஓடை பாறைச் சரிவில் விழுந்து அருவியாகிவிடும்.

மழை இன்னும் பெரிய விஷயம். பினாங்கில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. வறட்சியான மாதங்கள் சனவரியும் பிப்ரவரியும். தீவின் மலைகள் கருங்கல் மலைகள்தான். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தக் கல்லின் மேற்பகுதியை ஆழம் வரை மக்கிய மண்ணாக்கி வைத்திருக்கின்றன. நாள்கணக்கில் மழை ஊறினால் அந்த மண் கனத்துச் சரிகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் இதுதான் நடந்தது.

கூடாரம் போடுகிறவர்கள் மறக்கக் கூடாதது பத்தாங் காலி. 2022 டிசம்பர் 16 அதிகாலை இரண்டே முக்கால் மணி அளவில், சிலாங்கூரில் கெந்திங் மலைச் சாலைக்குக் கீழே இருந்த பண்ணை முகாமின்மேல் சாலையோரச் சரிவு இடிந்து விழுந்தது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். அந்தப் பண்ணைக்கு முகாம் நடத்த உரிமமே இல்லை. இடம் அழகாக இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, படங்கள் நன்றாக இருக்கின்றன என்று பார்த்துப் பணம் கட்டும் நாம், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. சரிவின் அடிவாரத்திலும், வெட்டிய மண்சுவரின் கீழும், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியிலும் கூடாரம் கூடாது. ஓடைக்கரையும் வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் பாறையை உருட்டிக்கொண்டு இறங்கும். மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்பது இதைத்தான். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ, பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

இந்தக் காரணங்களால்தான், முதல்முறை கூடாரம் போடுகிறவர்களுக்குத் தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சூட் கடற்கரையைச் சொல்வேன். பூங்கா அலுவலகத்திலிருந்து மூன்றரை கிலோமீட்டர் அளவுக்குக் காட்டு மேட்டில் ஏறி இறங்கினால் மணல்வெளி. ஒன்றரை மணி நேர நடை. தலைக்கு மேல் மலை இல்லை. அலை ஏறும் கோட்டுக்கு மேலே கூடாரம் போட்டால் போதும். அங்கே ஓர் அபூர்வ ஏரியும் உண்டு: மேலே குளிர்ந்த நன்னீர், கீழே வெதுவெதுப்பான உப்புநீர், இரண்டும் கலப்பதில்லை. எல்லா மாதமும் அதைப் பார்க்க முடியாது; வறண்ட காலத்தில் வெறும் சேற்றுப் பள்ளம்தான். கடலாமைகள் முட்டையிட வரும் கரை இது. இரவில் மணலில் டார்ச் அடித்துத் திரிந்தாலோ தீ மூட்டினாலோ ஆமை திரும்பிப் போய்விடும். சொறிமீன் கொட்டும் என்பதால் கடலில் இறங்காமல் இருப்பது உத்தமம்.

கூடாரத்துக்கான அனுமதியைப் தேசியப் பூங்காவை நடத்தும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். கனமழைக்குப் பின் சில பாதைகளை மூடிவிடுவார்கள். எது திறந்திருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து 101 எண் பேருந்து பூங்கா வாசல் வரை போகிறது. திரும்பும்போது கால் ஓய்ந்துவிட்டால் படகு கிடைக்கும், கடல் அமைதியாக இருந்தால்.

பெருநிலத்தில் இருப்பவர்களுக்குப் புக்கிட் மெர்தாஜாமில் 545 மீட்டர் உயர மலை இருக்கிறது. அடிவாரத்தில் செரோக் தோக்குன். அங்குள்ள புனித அன்னாள் ஆலய வளாகத்துப் பாறையில், பல்லவ எழுத்து வகை என்று ஆய்வாளர்கள் சொல்லும் பழங்கல்வெட்டு உண்டு. மலைக்குப் போகும் தமிழர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு வருத்தம்தான்.

பையைப் பற்றிச் சுருக்கமாக. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நடையின்போதே குடித்துத் தீர்க்க. இரவு தங்குவதற்கு அதற்கு மேல். ஓடைநீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரையே எடுக்கும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கவும் வேண்டாம். திரும்பிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தை நெகிழிப் பையில் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்கு பறிக்கும். மூடிய பைக்குள் வையுங்கள்.

எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால் அவர் அழைக்க வேண்டிய எண் 999.