வேகம் இருந்தும் குரல் ஏன் அறுந்துபோகிறது?

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பின்னர் பாடங்கள் வீட்டுக்குள் வந்தன. அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து என் இயங்கலை வகுப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தி விடை சொல்லத் தொடங்கினால், இரண்டு சொல்லிலேயே குரல் அறுந்துவிடும். “டீச்சர், கேக்குதா?” என்று கேட்பதிலேயே நேரம் போய்விடும். நாளடைவில் அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அவள் வீட்டில் இணைய வேகத்தைச் சோதித்தார்கள். கட்டும் கட்டணத்துக்கு உரிய வேகம் சரியாகவே வந்தது. பிறகுதான் ஒன்று தெரிந்தது. அண்ணன் தன் கல்லூரிக் காணொளியைப் பதிவேற்றும் நேரங்களில் மட்டுமே தங்கையின் குரல் அறுந்தது.

மாணவர்களே, குறை வேகத்தில் இல்லை. குறை வரிசையில் இருந்தது.

நாசி லெமாக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் நூறு பொட்டலம் கேட்கிறார். பின்னால் நிற்கும் உங்களுக்கு ஒன்றே போதும். கடைக்காரர் எவ்வளவு விரைவாகக் கட்டினாலும், அந்த நூறும் முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். இணையத்திலும் இதுதான் நடக்கிறது. குரல், படம், காணொளி எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கின்றன. பாதை குறுகும் இடத்தில் அவை காத்திருக்க ரூட்டரிலும் மோடத்திலும் ஒரு நினைவகம் உண்டு. அதன் பெயர் பஃபர்.

ஒரு கணக்கு போடுவோம். பஃபரின் கொள்ளளவு 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். நிரம்பிய பஃபர் காலியாக எவ்வளவு நேரமாகும்? 8-ஐ 10-ஆல் வகுத்தால் 0.8 விநாடி, அதாவது 800 மில்லிவிநாடி. தொலைபேசி உரையாடலில் ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அண்ணனின் காணொளிக்குப் பின்னால் நின்ற தங்கையின் குரல் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிகிறதா?

அப்படியானால் பஃபர் எதற்கு? திடீரென்று பொட்டலங்கள் குவியும்போது அவை தொலைந்துபோகாமல் காப்பதற்கு. அளவோடு இருந்தால் அது நல்லதுதான். அளவு மீறும்போதுதான் சிக்கல்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் இருவரும் ஒரு வழி கண்டார்கள். பொட்டலம் ஒன்று தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று பொருள். அனுப்பும் கணினி உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றும் இணையம் நின்றுவிடாமல் ஓட இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

பின்னாளில் நினைவகம் மலிவானது; பஃபர்களும் பெருத்தன. பெரிய பஃபர் எதையும் எளிதில் கைவிடாது. அதனால் நெரிசல் இருப்பதே அனுப்பும் கணினிக்குத் தெரியாமல் போனது. அது மேலும் மேலும் அனுப்பியது, வரிசை நீண்டது. 2010இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ், தம் வீட்டு இணையத்தில் தாமதம் ஒரு விநாடிக்கும் மேல் போவதைக் கண்டு துருவி ஆராய்ந்தார். இந்தக் கோளாறுக்கு அவர் வைத்த பெயர் ‘பஃபர்புளோட்’. பஃபர் வீக்கம் என்று சொல்லலாம்.

2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்னும் முறையை வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிவிநாடி நேரத்துக்குத் தொடர்ந்து 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காவிட்டால், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு ‘மெதுவாக அனுப்பு’ என்று குறிப்பு கொடுக்கிறது. இதிலிருந்து வளர்ந்த ‘எஃப்கியூ-கோடெல்’ முறை, பொட்டலங்களை வழக்கமாக 1,024 தனி வரிசைகளாகப் பிரித்து, முறை வைத்து அனுப்புகிறது. நூறு பொட்டலக்காரரும் ஒரு பொட்டலக்காரரும் இனி ஒரே வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று திரையில் தெரியும். யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒருமுறையும், பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றும்போது ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே கணினி, ஒரே இடம். 20 என்பது 30 ஆனால் கவலை இல்லை. 500 ஆனால், உங்கள் வீட்டில் பஃபர் வீங்கியிருக்கிறது.

தீர்வு? சில ரூட்டர்களின் அமைப்பில் ‘எஸ்கியூஎம்’ அல்லது ‘கியூஓஎஸ்’ என்ற பகுதி இருக்கும். பெற்றோரின் அனுமதியோடு, பதிவேற்ற வேகத்தை நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காடாக வைத்துப் பாருங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால், வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும். மாற்றிய பின் மீண்டும் அளந்து பார்க்க மறவாதீர்கள். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால், பெரிய பதிவேற்றங்களை வகுப்பு இல்லாத நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அந்த மாணவியின் வீட்டில் செய்ததும் இவ்வளவுதான். அண்ணன் தன் காணொளிகளை இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பத் தொடங்கினான். கட்டணம் ஒரு ரிங்கிட்கூடக் கூடவில்லை. அடுத்த வாரம் அவள் ஒரு விடையை முழுதாகச் சொல்லி முடித்தாள்.