மலிவும் நம்பகமும்: கைத்துப்பாக்கிச் சோதனைகள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலிலே நசை, அதாவது விருப்பம், என்ற பொருளையே கூறுவர். இன்று நாம் அச்சொல்லின் அடியாக ஆக்கிக்கொண்ட 'நம்பகம்' என்ற சொல்லோ வெறும் விருப்பத்தைக் குறிப்பதன்று. சோதித்து அறிந்தபின் ஏற்படும் உறுதியைக் குறிப்பது. இயந்திர உற்பத்தி பெருகிய காலத்திலே, மனிதரிடத்து வைக்கப்பட்ட நம்பிக்கை பண்டங்களிடத்தும் வைக்கப்படலாயிற்று. ஆயினும் சந்தையிலே ஒரு பண்டத்தை வாங்குபவர் பெறுவது சோதித்தறிந்த உறுதியையா, அன்றி விற்பவர் எழுப்பிவிட்ட நசையையா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் பண்டங்களுள் ஒன்று மலிவான கைத்துப்பாக்கி. ஐக்கிய அமெரிக்காவிலே பெருந்தொகையாக விற்பனையாகிவந்துள்ள இப்பண்டத்தின் நெடுநாள் நம்பகத்தைச் சோதிப்பவர் யார், அச்சோதனையின் செலவை ஏற்பவர் யார், சோதனை நடைபெறாதவிடத்து அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். 2009 வரை நெடுங்காலம் துப்பாக்கி ஓசையைக் கேட்டு வாழ்ந்த சமூகத்தைச் சேர்ந்த நமக்கு, ஓர் ஆயுதம் செம்மையாக இயங்குகின்றது என்பது மகிழ்தற்குரிய செய்தியன்று. எனினும் பண்ட உற்பத்தியின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு இஃது ஓர் ஏற்ற எடுத்துக்காட்டு என்பதனாலேயே இதனை எடுத்துக்கொள்கின்றோம்.

1. இருவகைச் சோதனைகள்

துப்பாக்கிகளைச் சோதிக்கும் வழக்கம் பழைமையானது. இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் நகரின் சோதனைமனை 1813 இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக நிறுவப்பட்டது. இம்மனைகளிலே வழக்கத்தை விஞ்சிய வெடிமருந்து இட்டுக் குழல் வெடிக்கச்செய்து பார்க்கப்படும். தாங்கிய குழலுக்கு முத்திரை இடப்படும்.

இது தாங்குதிறனை அறியும் சோதனை. ஒரு கணத்திலே குழல் பிளவுறுமா என்ற வினாவுக்கே இது விடை தருகின்றது. ஆயிரம் முறை சுட்டபின் அத்துப்பாக்கி எந்நிலையில் இருக்கும் என்பதை அது கூறுவதில்லை. ஒரு முறை சுட்டுப் பின் மருந்திட்டு நிரப்பும் பழைய துப்பாக்கிக்கு அதுவே பெரும்பாலும் போதுமாயிருந்தது. தானே ரவையை ஊட்டி, வெற்றுக்கோதைப் பற்றி இழுத்து வெளியெறியும் கைத்துப்பாக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றியபோதுதான் நிலைமை மாறிற்று. ஊட்டல், பூட்டல், வெடித்தல், கோதினைப் பற்றல், எறிதல் என்னும் தொடர்நிகழ்ச்சியில் ஒன்று பிழைப்பினும் கருவி நின்றுவிடும். சுருள்வில் தளர்தல், ரவைக்கூட்டின் உதடுகள் விரிதல், உலோகம் சோர்வுற்று வெடிப்புக் காணல், அழுக்குப் படிதல் ஆகியன யாவும் காலப்போக்கிலேயே வெளிப்படுவன. எனவே காலமே சோதனையின் அளவுகோலாயிற்று.

2. அரசு சோதித்த துப்பாக்கி

நெடுநாள் நம்பகச் சோதனைக்குப் புகழ்பெற்ற உதாரணம் 1911 மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க இராணுவம் நடத்தியதாகும். ஜோன் பிரவுணிங் வடிவமைத்த கோல்ட் துப்பாக்கியும் சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியும் போட்டியிட்டன. ஒவ்வொரு துப்பாக்கியிலிருந்தும் 6000 ரவைகள் சுடப்பட்டன. நூறு ரவைகளுக்கு ஒருமுறை ஆறவிடப்பட்டது. ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடப்பட்டது. கோல்ட் ஒருமுறையேனும் தடைப்படவில்லை. சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. அம்மாதம் 29 ஆம் திகதி கோல்ட் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எழுபது ஆண்டுகளின் பின் ஒஸ்திரிய இராணுவம் புதிய துப்பாக்கிக்கு வகுத்த நிபந்தனைகளுள், முதல் 10,000 ரவைகளில் 20 தடைகளுக்குமேல் நிகழலாகாது என்பதும் ஒன்று. 1982 இல் அப்போட்டியில் வென்றதே குளொக்.

இத்தகைய சோதனையும் முற்றுமுடிவானதன்று. 1985 இல் அமெரிக்கப் படைகள் ஏற்றுக்கொண்ட பெரெட்டா துப்பாக்கிகள் சிலவற்றின் முன்பின் அசையும் மேற்பாகம், 1987 அளவில் முறிந்து பின்னோக்கிப் பாய்ந்து சுட்டவரைக் காயப்படுத்திற்று. எனினும் அடுத்து நடந்ததே நமது கவனத்துக்குரியது. குறை பதிவாயிற்று, விசாரணை நடைபெற்றது, 1988 இல் அரசின் கணக்காய்வு அலுவலகம் அறிக்கை வெளியிட்டது, முறிந்த பாகம் பின்னோக்கிப் பாயாதவாறு தடுக்கும் மாற்றம் புகுத்தப்பட்டது. பெருந்தொகையாக வாங்கும் அரசு என்ற நுகர்வோனுக்குச் சோதிக்கும் பணமும் உண்டு, திருத்துவிக்கும் வலுவும் உண்டு. தனியொருவராக வாங்கும் வறியவருக்கு இவ்விரண்டும் இல்லை.

3. மலிவின் தோற்றம்

மலிவான கைத்துப்பாக்கி வறியவரின் தேவையிலிருந்து தானாகத் தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுக்கு ஏற்றவையல்ல எனக் கருதப்பட்ட சிறு துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. ஆனால் அத்தகைய துப்பாக்கிகளை உள்நாட்டிலே செய்வதை அது தடுக்கவில்லை. இறக்குமதி நின்ற சந்தையிலே உள்நாட்டு மூலதனம் புகுந்தது. 1970 இல் ஜோர்ஜ் ஜெனிங்ஸ் என்பவர் தென் கலிபோர்னியாவிலே ரேவன் நிறுவனத்தைத் தொடங்கினார். லொஸ் ஏஞ்சல்சைச் சூழ்ந்து வளர்ந்த இத்தகைய நிறுவனங்களை, பொதுச் சுகாதார ஆய்வாளர் கரன் வின்டமியூட் 1994 இல் 'நெருப்பு வளையம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார்.

இத்துப்பாக்கிகளின் மலிவுக்குக் காரணம் உற்பத்தி முறையே. உருக்கைக் கடைந்து செதுக்குவதற்குத் தேர்ந்த தொழிலாளியின் நீண்ட உழைப்பு வேண்டும். இவற்றின் பெரும் பாகங்களோ நாகக் கலப்புலோகத்தை உருக்கி அச்சினுள் அழுத்தி வார்க்கப்பட்டன. அக்கலப்புலோகம் ஏறத்தாழ 385 பாகை செல்சியசிலே உருகும். உருக்கு உருகுவதற்கு 1400 பாகையளவு வேண்டும். தாழ்ந்த வெப்பத்தில் உருகுவதால் எரிபொருள் குறையும். அச்சும் நெடுநாள் உழைக்கும். செதுக்கும் வேலை அருகும். பண்டத்தில் உறையும் உழைப்பு நேரம் சுருங்க, விலையும் சுருங்கும். ஆனால் நாகக் கலப்புலோகம் மீண்டும் மீண்டும் தாக்கப்படும்போது உருக்கைக் காட்டிலும் விரைவில் சோர்வுறும். அந்த வேறுபாடு கடையிலே கண்ணுக்குப் புலப்படுவதன்று.

மார்க்சிய அரசியற் பொருளாதாரம் பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதியையும் பரிமாற்றப் பெறுமதியையும் வேறுபடுத்துகின்றது. நெடுநாள் நம்பகம் பயன்பாட்டுப் பெறுமதியின் ஓர் அம்சம். விலை ஒரே நாளில் கைமாறுகின்றது. நம்பகமோ ஆண்டுகள் சென்றே வெளிப்படுகின்றது. இக்கால இடைவெளியின் இடரை யார் சுமப்பது என்பதே சிக்கலின் மையமாகும்.

4. சோதனையின் கணக்கு

வாங்கியவர் தாமே சோதித்தறியலாமே எனச் சிலர் கூறுவர். மலிவான துப்பாக்கியொன்றை வாங்கிச் சில நூறு ரவைகளைச் சுட்டுப் பார்த்து, ஒருமுறையும் சிக்கவில்லை என மனநிறைவு கொள்வோரும் உளர். இம்மனநிறைவுக்குப் புள்ளிவிபரவியல் எவ்வளவு இடங்கொடுக்கின்றது?

ஒரு சோதனை பலமுறை செய்யப்பட்டு ஒருமுறையேனும் பிழைக்கவில்லையெனின், பிழை வீதத்தின் மேல்வரம்பை 95 வீத உறுதியுடன் கூறுவதற்கு எளிய விதியொன்று உண்டு: மூன்றை முறைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எனவே 200 ரவைகள் பிழையின்றிச் சுடப்படின், பிழை வீதம் நூற்றுக்கு ஒன்றரையை விஞ்சாது என்றே கூறலாம். அதற்குமேல் கூறுதல் இயலாது. 600 ரவைகள் எனின் இருநூறுக்கு ஒன்று. 6000 எனின் இரண்டாயிரத்துக்கு ஒன்று. அதுவும் சோதிக்கப்பட்ட அந்த ஒரு துப்பாக்கிக்கே, அதிலும் தேய்மானம் தொடங்காத காலத்துக்கே பொருந்தும். அதே அச்சில் வார்க்கப்பட்ட அடுத்த துப்பாக்கியைப் பற்றி அது சொல்வது குறைவு.

ஓர் எடுகோளாக, துப்பாக்கியின் விலை 200 டொலர் எனவும் ரவை ஒன்று 25 சதம் எனவும் கொள்வோம். 6000 ரவைகளுக்கு 1500 டொலர் வேண்டும். அதாவது, துப்பாக்கியின் விலையிலும் ஏழரை மடங்கு. மலிவான துப்பாக்கியை வாங்குபவர் மலிவு வேண்டியே அதனை வாங்குகின்றார். அவர் ஏழு மடங்கு செலவிட்டு அதனைச் சோதிக்கவல்லவராயின், விலையுயர்ந்த துப்பாக்கியையே வாங்கியிருப்பார். இங்குள்ள முரண்பாடு தெளிவு: எந்தப் பண்டத்துக்குச் சோதனை மிகுதியும் வேண்டப்படுகின்றதோ, அந்தப் பண்டத்தை வாங்குபவராலேயே அச்சோதனையைச் செய்ய இயலாது.

5. சட்டமும் சோதனையும்

தனியொருவரால் இயலாத சோதனையைச் சமூகம் பொறுப்பேற்பதே நியாயம். ஐக்கிய அமெரிக்காவில் 1972 இல் நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பலவகை வீட்டுப் பொருள்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவொன்று அதன்வழி அமைந்தது. ஆனால் துப்பாக்கியும் ரவையும் அதன் அதிகாரத்திலிருந்து விலக்கப்பட்டன. விளையாட்டுத் துப்பாக்கி கண்காணிப்புக்கு உட்பட்டது. உண்மைத் துப்பாக்கி உட்படாதது.

இவ்விடைவெளியைச் சில மாநிலங்கள் ஓரளவு நிரப்ப முற்பட்டன. கலிபோர்னியாவில் 1999 இல் இயற்றப்பட்டு 2001 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒவ்வொரு வகையிலும் மூன்று துப்பாக்கிகள் சோதனைச்சாலையில் 600 ரவைகள் வீதம் சுடப்படல் வேண்டும். முதல் 20 ரவைகளில் தடையே நிகழலாகாது. மொத்தத்தில் ஆறு தடைகளுக்குமேல் கூடாது. ஆபத்து விளைக்கும் வெடிப்புத் தோன்றலாகாது. ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து கொங்கிறீற்றின்மேல் பல நிலைகளில் விழச்செய்தபோதும் அது வெடிக்கலாகாது. இதன் செலவு உற்பத்தியாளரையோ இறக்குமதியாளரையோ சார்ந்தது. நூற்றுக்கு ஒன்று என்ற தடை வீதத்தை ஏற்கும் இச்சோதனை இராணுவச் சோதனையினும் எளிது. எனினும் செலவுச் சுமை வாங்குபவரிடமிருந்து உற்பத்தியாளருக்கு மாறியது குறிப்பிடத்தக்கது.

விழுந்தால் வெடிக்கலாகாது என்ற விதி நம்பகத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. விசையை அழுத்தும்போது வெடிப்பது மாத்திரம் நம்பகமன்று. வெடிக்கலாகாதபோது வெடிக்காதிருத்தலும் நம்பகமே. 1994 இல் கலிபோர்னியாவில் பிரைக்கோ நிறுவனத்தின் மலிவான துப்பாக்கியொன்றிலிருந்து ரவையை அகற்ற முற்பட்டபோது அது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தான். அத்துப்பாக்கியிலிருந்து ரவையை அகற்றுவதற்குப் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தேயாதல் வேண்டும். பூட்டிய நிலையில் ரவை சிக்கும் குறையைத் திருத்துவதற்குப் பதிலாக மறைப்பதற்கே அவ்வமைப்பு புகுத்தப்பட்டது என வாதிகள் தரப்பிலே வாதிக்கப்பட்டது. 2003 இல் ஜூரிமார் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றுப் பெருந்தொகை நட்டஈடு விதித்தனர். நிறுவனம் அவ்வாண்டே வங்குரோத்து நிலையை அறிவித்தது. சோதனைச்சாலையில் நடைபெற்றிருக்கவேண்டிய சோதனை ஒரு சிறுவனின் உடலிலே நடைபெற்றது.

6. மலிவே குற்றமா?

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மலிவான துப்பாக்கியைக் கண்டிப்போர் யாவரும் வறியவரின் நலன் கருதியே கண்டித்தனர் எனல் இயலாது. டெனசி மாநிலம் 1879 இல் இராணுவ, கடற்படை வகைகள் தவிர்ந்த கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்தது. அனுமதிக்கப்பட்டவை விலையுயர்ந்தவை, விடுதலைபெற்ற கறுப்பின மக்களாலும் ஏழை வெள்ளையராலும் வாங்கவியலாதவை. நமது காலத்திலும் சில மாநிலங்கள் ஏறத்தாழ 427 பாகை செல்சியசுக்குக் கீழ் உருகும் உலோகத்தாலான துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தன. உருகுநிலை உலோகத்தின் இயல்பைக் கூறுமேயன்றி, அத்துப்பாக்கி எத்தனை முறை பிழையின்றிச் சுடும், விழுந்தால் வெடிக்குமா என்பவற்றைக் கூறுவதில்லை. சோதனையின் இடத்தில் பொருளின் மலிவே அளவுகோலாக வைக்கப்பட்டது.

எனவே இரு தவறான முடிவுகளைத் தவிர்த்தல் வேண்டும். மலிவானது இயல்பாகவே தீயது என்பது ஒன்று. அது வறியவரை இகழும் நோக்கு. மலிவான துப்பாக்கி வறியவருக்குக் கிடைத்த சமத்துவம் என்பது மற்றொன்று. அது விற்பவரின் நோக்கு. அண்டைவீட்டாரை அஞ்சித் துப்பாக்கி வாங்கவேண்டிய நிலையில் மனிதரை வைத்திருக்கும் சமுதாயம், அத்துப்பாக்கி இயங்குமா என்பதை அறியும் உரிமையையும் அவர்க்கு அளிக்கவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, நம்பகம் என்பது உலோகத்தின் பண்பு மாத்திரமன்று; சோதனையை யார் செய்தார், யாருக்காகச் செய்தார் என்பதைப் பொறுத்து அமையும் ஒரு சமூக உறவுமாகும். இராணுவத்தின் துப்பாக்கி சோதனைக்களத்திலே 6000 முறை வினவப்பட்டது. வறியவரின் துப்பாக்கி வினவப்படும் இடம் பெரும்பாலும் அவரது வீடே. அங்கு பிழையான விடைக்குத் திருத்தம் இல்லை. துப்பாக்கிக்கு மாத்திரமன்றி, மருந்துக்கும் மின்சாதனத்துக்கும் பேருந்தின் தடுப்புக்கும் இது பொருந்தும். மலிவான பண்டத்தின் சோதனைச் செலவைச் சமூகம் ஏற்காதவரை அச்செலவை வாங்குபவரின் உடல் ஏற்கும். அதுவரை அவரிடம் இருப்பது, தொல்காப்பியர் கூறிய பொருளிலான நசையே.