உங்களுக்குத் தெரியுமா? மூக்கின் உச்சியில் நடக்கும் வேலை

● சமையல் காஸுக்கு மணமே கிடையாது. கசியும்போது நாம் உணரும் நாற்றம், வேண்டுமென்றே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. காற்றில் நூறு கோடிக்கு ஓரிரு பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். எரிவாயுவுக்கு மணமூட்டும் சட்டம் அதற்குப் பிறகுதான் அங்கே வந்தது.

● மணத்தை உணரும் இடம் நாசித் துவாரம் அல்ல. மூக்கின் உட்கூரையில், ஏறக்குறைய இரு கண்களுக்கு நடுவே, தபால்தலை அளவே உள்ள ஒரு மெல்லிய திசு. அதிலுள்ள நரம்பணுக்களின் நுண்ணிழைகள் சளிப் படலத்தில் மிதக்கின்றன. சளியை நாம் தொல்லையாகவே நினைக்கிறோம். ஆனால் மண மூலக்கூறு அதைக் கடந்துதான் இழையைத் தொட வேண்டும்.

● தொட்டபின் நடப்பதுதான் அற்புதம். இழையின் சவ்வில் 'ஏற்பி' என்ற புரதம் இருக்கிறது. அதன் குழிவில் மூலக்கூறு அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் சற்றே மாறுகிறது. அந்த அசைவு உள்ளே 'ஜி-புரதம்' என்ற இன்னொரு புரதத்தை எழுப்ப, அது ஒரு நொதியை முடுக்குகிறது. நொதி 'சைக்ளிக் ஏ.எம்.பி.' மூலக்கூறுகளை ஏராளமாகச் செய்து தள்ளுகிறது. அவை சவ்வின் வாயில்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. வளர்ந்த நரம்பணுக்கள் பெரும்பாலானவற்றில் குளோரைடு உள்ளே வந்து சமிக்ஞையை அடக்கும். இங்கே அது வெளியேறிச் சமிக்ஞையைப் பெருக்குகிறது! இத்தனையும் ஒரு நொடிக்குள்.

● இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-ல் கண்டறிந்தார்கள். 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள். ஆப்பிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2,000.

● 400 ஏற்பிகள் என்றால் 400 மணங்கள்தானா? இல்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இணங்கும். எவையெவை சேர்ந்து தூண்டப்பட்டன என்பதை வைத்தே மூளை மணத்தை அறிகிறது. எட்டுக் கார்பன் கொண்ட 'ஆக்டனால்' என்ற ஆல்கஹால் ஆரஞ்சு போல் மணக்கும். அதே எட்டுக் கார்பன் அமிலமானால் வியர்வையும் காறிப்போன எண்ணெயும் கலந்த வாடை. மாறியது மூலக்கூறின் ஒரு முனை மட்டுமே. அதற்கே தூண்டப்படும் ஏற்பிக் கூட்டம் மாறிவிடுகிறது.

● கார்வோன் என்ற சேர்மம் இரு வடிவங்களில் உண்டு. இடக்கையும் வலக்கையும் போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒன்று ஸ்பியர்மின்ட் புதினாவாக மணக்கும். மற்றது சதகுப்பை விதையில் இருப்பது. அணுக்கள் அதே, எடை அதே. ஏற்பியின் குழிவுக்கு மட்டும் வேறுபாடு தெரியும்.

● மல்லிகையின் மணத்தில் இண்டோல் உண்டு. மலத்திலும் அதே இண்டோல்தான். செறிவு கூடும்போது கூடுதல் ஏற்பிகள் தூண்டப்படுவதால் ஒரே பொருள் வேறு மணமாகத் தெரியலாம்.

● கோவிட் காலத்தில் பலருக்கு மணமே போனது. வைரஸ் முக்கியமாகத் தாக்கியது மண நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. மண நரம்பணுக்கள் அழிந்தாலும் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைப்பவை. நரம்பணுக்களுக்கு இது மிக அரிய வரம்.

● மனித மண ஏற்பி ஒன்றை, மண மூலக்கூறு பொருந்திய நிலையில், அணு அளவு நுணுக்கத்தில் விஞ்ஞானிகள் படம் பிடித்தது 2023-ல்தான். இந்தப் புரதங்களை ஆய்வகத்தில் போதிய அளவு உருவாக்குவது அவ்வளவு கடினம். படத்தில் சிக்கியது ஓ.ஆர்.51ஈ2 என்ற ஏற்பி. அது ஸ்விஸ் சீஸின் மணத்தில் பங்குள்ள புரோப்பியோனேட்டைப் பற்றியிருந்தது. இந்த ஏற்பி மூக்கோடு நிற்கவில்லை, புராஸ்டேட் சுரப்பியிலும் இருக்கிறது.