எல்லைக்கல் நடுவதற்கு முன்

சென்ற பொங்கல் விழாவன்று, சங்கக் கூடத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சட்டம் படிக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, ரயில்வேக்காக எத்தனையோ பேர் நிலத்தில் கல் நட்டிருக்கிறீர்கள். அது அடுத்தவர் சொத்தைப் பறிப்பதாக உங்களுக்குத் தோன்றவே இல்லையா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்தவன். தத்துவம் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு நாக்பூர் நூலகங்களில் படித்ததையும், என் அனுபவத்தையும் சேர்த்து, எனக்குப் புரிந்த அளவில் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஒரு துண்டின் கதை

மேல்நாட்டுச் சிந்தனையாளர்கள் சிலர் ஒரு விதியைச் சொல்கிறார்கள். பிறர் உடல் மீதோ உடைமை மீதோ யாரும் முதலில் கை வைக்கக் கூடாது. வைத்தால் தடுக்கும் உரிமை உண்டு. பலப்பிரயோகத்துக்கு வேறு நியாயம் கிடையாது. இதை அத்துமீறாமைக் கொள்கை எனலாம். அமெரிக்கரான மரி ராத்பார்ட் (1926–1995) இதையே தன் சிந்தனைக்கெல்லாம் அஸ்திவாரமாக வைத்தார்.

கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்க இறங்குகிறார். வேறொருவர் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருகிறார். திரும்பி வந்தவர் அவரைப் பிடித்துத் தள்ளுகிறார். இதில் அத்துமீறியவர் யார்?

துண்டு போட்டால் இடம் சொந்தம் என்றால், உட்கார்ந்தவர் குற்றவாளி. சொந்தமில்லை என்றால், தள்ளியவர் குற்றவாளி. "பிறர் பொருளைத் தொடாதே" என்ற விதி இதைத் தீர்க்காது. அது பிறர் பொருளானது எப்படி என்பது முதலில் தெரிய வேண்டும். அஸ்திவாரம் என்று சொன்னோமே, அதற்கும் கீழே ஒரு அஸ்திவாரம் தேவைப்படுகிறது.

லாக் சொன்ன விடை

இதற்குப் பெயர்பெற்ற விடை தந்தவர் இங்கிலாந்தின் ஜான் லாக் (1632–1704). 1689-ல் வெளியான அரசாட்சி பற்றிய நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: பூமி எல்லோருக்கும் பொது. ஆனால் அவரவர் உடல் அவரவருக்கே சொந்தம். ஆகவே அந்த உடலின் உழைப்பும் சொந்தம். பொதுவில் கிடந்த ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. காட்டுப் பழத்தைப் பறித்தவனுக்குப் பழம். தரிசைத் திருத்தி உழுதவனுக்கு நிலம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகளும் போட்டார். மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். எடுத்ததை அழுகவிட்டு வீணாக்கக் கூடாது. ரயில் கணக்கில் சொன்னால், ஒருவர் ஒரு துண்டு போடலாம். முழு பெஞ்சிலும் பெட்ஷீட் விரிக்கக் கூடாது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. இதே லாக், அமெரிக்கப் பழங்குடிகளின் உழாத நிலத்தை வீண் நிலமாகக் கருதினார். அந்த வாதம் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு வசதியாகப் போயிற்று. வேட்டையாடுவதும் காட்டில் பொறுக்குவதும் உழைப்பில்லையா? ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974-ல் இன்னொரு கேள்வி கேட்டார். என் டப்பாவிலுள்ள தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்தால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, என் சாறு வீணாகுமா? உழைப்பைக் கலப்பதாலேயே எப்படி முழுப் பொருளும் கைக்கு வரும் என்பதுதான் அவர் கேள்வி. இத்தனைக்கும் அவர் சொத்துரிமைக்கு ஆதரவானவர்.

ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் 1740-ல் வேறு வழி காட்டினார். சொத்து என்பது இயற்கையில் இல்லை. மனிதர்கள் பழகிப் பழகி ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு. ஒரே படகில் இருவர் எந்த வாக்குறுதியும் கொடுத்துக்கொள்ளாமலே சேர்ந்து துடுப்புப் போடுவதை உதாரணம் காட்டினார். நீ என்னுடையதைத் தொடாதவரை நானும் உன்னுடையதைத் தொட மாட்டேன் என்று நாளடைவில் படிந்துபோன வழக்கமே சொத்து என்றார். துண்டுக்கு மரியாதை கிடைப்பதும் அப்படித்தான். சட்டப் புத்தகத்தில் துண்டு கிடையாது.

ஆரஞ்சுத் தோட்டம்

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். 1996-ல் விதர்பாவில் ஒரு பாதைப் பணிக்காக நில அளவையில் இருந்தேன். எங்கள் எல்லைக்கோடு ஒரு விவசாயியின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் போயிற்று. சாத்-பாரா ஏட்டில் அவர் பெயர் ஒழுங்காக இருந்தது. வேலி தாண்டி நாங்கள்தான் உள்ளே போனோம். லாக் கணக்கில் நாங்களே அத்துமீறியவர்கள்.

சட்டக் கணக்கு வேறு. அன்றிருந்த 1894-ம் வருட நில எடுப்புச் சட்டப்படி பொதுக் காரியத்துக்காக அரசு நிலத்தை எடுக்க முடிந்தது. சந்தை விலையும் அதற்கு மேல் ஆறுதல் தொகையும் தர வேண்டியிருந்தது. அந்தத் தொகை முதலில் 15 சதவீதமாக இருந்து, 1984-ல் 30 ஆயிற்று. நமது அரசியல் சாசனத்தில் 1950-ல் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300-ஏ ஷரத்தை வைத்தது.

அந்த விவசாயி சண்டை போடவில்லை. "சாஹேப், மரத்தை எண்ணிவிட்டீர்கள். கன்று வைத்து, காய்க்கும்வரை என் அப்பா காத்திருந்த வருஷங்களை எந்தக் காலத்தில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார். என் படிவத்தில் அதற்குக் காலம் இல்லை. அவருக்குப் பணம் கைக்கு வர மூன்று வருடமாயிற்று. அந்தப் பாதையில் இன்று ரயில் ஓடுகிறது, ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்கு வரும் நன்மையின் விலையை ஒருவர் மட்டும், அதுவும் மூன்று வருடம் கடனாகக் கொடுத்தது நியாயமில்லை. 2013-ம் ஆண்டுச் சட்டம் ஆறுதல் தொகையை 100 சதவீதமாக்கி, திட்டத்தால் மக்களுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்றதும் இத்தகைய குறைகளைப் பார்த்துத்தான்.

நம் வீட்டுக் கதை

இது விவசாயிகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். வெளியூரில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கும். எனக்கும் லால்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் இருந்தது. வாரிசுகள் அண்ணனும் நானும்தான். 1982-ல் நான் வேலைக்கு வந்ததிலிருந்து அண்ணன்தான் பயிர் வைத்தார். தன் பணத்தில் போர் போட்டார், வரப்போரம் தென்னை வைத்தார். இப்போது விலை ஏறியதும், "உங்கள் பங்கைக் கேளுங்கள்" என்றார்கள் வீட்டில்.

சட்டம் என் பக்கம். பிறர் சொத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால் அதை எதிரிடை அனுபோகம் என்று உரிமை கோரலாம். ஆனால் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்தால்தான் நிலைமை மாறும். லாக்கோ அண்ணன் பக்கம். நாற்பது வருட வியர்வை அவருடையது.

இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போன வருடம் ஊருக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அண்ணனே சொன்னார்: "வருஷா வருஷம் ரெண்டு மூட்டை அரிசி ரயில்ல போட்டேனே, எதுக்குன்னு நெனச்சே? ஓசியா குடுத்தேன்னா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அதை நான் பாசம் என்றே நினைத்திருந்தேன். பாசந்தான், கூடவே அது என் பங்குக்கான குத்தகையும் கூட. ஒரு வார்த்தை பேசாமல் நாங்கள் இருவரும் ஒரே படகில் துடுப்புப் போட்டிருக்கிறோம்.

ஆளுக்கு முக்கால் ஏக்கர் என்று பிரித்து, போரும் தென்னையும் உள்ள பக்கத்தை அண்ணன் பேரிலேயே வைத்தோம். என் பக்கத்தையும் அவர் இருக்கும்வரை அவரே உழுவார், அதுவரை விற்பதில்லை. பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்தாயிற்று. அரிசி மூட்டையின் அர்த்தம் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் பதில்: ஆம் அம்மா, தோன்றியதுண்டு. கல் நடுவது அரை மணி நேர வேலை. அந்த இடத்தில் யார் வியர்வை விழுந்தது, யார் எதை நம்பி விட்டுக்கொடுத்தார்கள் என்று விசாரிப்பதுதான் பெரிய வேலை. அதை முதலில் செய்ய வேண்டும். ஊரில் நிலமுள்ள வாசகர்களும், பெரியவர்கள் இருக்கும்போதே அடுத்த விடுமுறையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.