பழைய லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

நிக்கான் எஃப்எம்2 இன்றைக்கும் ஓடும். 1982ல் வந்த அந்தக் கேமராவின் ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை. அடியில் இருக்கும் பட்டன் செல் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பென்டாக்ஸ் கே1000 கதையும் அதேதான். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிலிம் கிடைப்பதும் கழுவிக் கிடைப்பதும்தான் பெரும்பாடாகிவிட்டது. தெருமுனை லேப்பில் கழுவும் மெஷின் இருந்த இடத்தில் இப்போது டீ கப்பில் படம் அச்சடிக்கிறார்கள். நிக்கான் நிறுவனமே எஃப்6, எஃப்எம்10 இரண்டைத் தவிர மற்ற பிலிம் கேமராக்களை நிறுத்துவதாக 2006 ஜனவரியில் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் விடாப்பிடியாக ரோல் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர், இப்போதுதான் முதல் டிஜிட்டல் கேமராவுக்கு மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்குக் கிடைக்கிற யோசனை இரண்டு. "செல்போன் போதாதா அப்பா?" என்பது வீட்டில். "இது புது மாடல் சார், லென்ஸோட செட்டா வருது" என்பது கடையில். இரண்டையும் ஒதுக்கிவிட்டு பீரோவைத் திறக்கச் சொல்வேன். உள்ளே இருக்கும் லென்ஸ்கள்தான் எந்தக் கேமரா வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டும். இருபது, முப்பது வருடம் ஒரே 50 எம்எம் லென்ஸில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எங்கே நின்றால் எவ்வளவு அடங்கும் என்பது கேமராவை எடுக்கும் முன்பே தெரியும். காசு கொடுத்து வாங்க முடியாத அந்தப் பழக்கத்தை, கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் ஜூமுக்காக விட்டுவிடக் கூடாது.

முதலில் லென்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கேமராவிலிருந்து கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல வெள்ளைக் கோடுகள் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் மூடி வைத்த லென்ஸுக்கு இது சகஜம். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் தெரியாது. கண்ணாடி முழுக்கப் பனி படிந்ததுபோல் மங்கியிருந்தால், வெயிலுக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப் போகும். மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துத் துடைக்க வேண்டும். அடுத்து, அபெர்ச்சர் வளையத்தை 16ல் வைத்து, பின்னால் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளி விடுங்கள். தகடுகள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

லென்ஸ் தேறிவிட்டது என்றால் அடுத்த கேள்வி மவுன்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய். நிக்கான்காரர்களுக்கு அதிர்ஷ்டம், 1959ல் வந்த எஃப் மவுன்ட்டையே அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களும் தொடர்ந்தன. ஆனால் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. டி3500, டி5600 போன்ற விலை குறைந்த மாடல்களில் பழைய மேனுவல் லென்ஸ் உட்காரும், மீட்டர் வேலை செய்யாது. டி7200, டி750 போன்றவற்றில் லென்ஸ் விவரத்தை மெனுவில் பதிந்துவிட்டால் மீட்டர் ஒழுங்காக ஓடும். இங்கே ஓர் எச்சரிக்கை. 1977க்கு முந்தைய, வைத்த அபெர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் ‘ஏஐ’ முறைக்கு மாற்றப்படாத லென்ஸை டி750 வகையில் திருகினால் மவுன்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன உலோக நாக்கு உடையலாம். அடையாளம் எளிது: அபெர்ச்சர் வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தால் பயமில்லை, ஒரே வரிசை என்றால் மாட்டாதீர்கள்.

மற்ற கம்பெனி லென்ஸ் வைத்திருப்பவர்களின் நிலைமையை மாற்றியவை மிரர்லெஸ் கேமராக்கள். லென்ஸின் மவுன்ட்டிலிருந்து பிலிம் வரை உள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேனன் எஃப்டி லென்ஸுக்கு அது 42 மில்லிமீட்டர். கேனனின் சொந்த டிஜிட்டல் எஸ்எல்ஆரிலோ 44. அந்த இரண்டு மில்லிமீட்டரால் தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது; இடையில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டும், அது படத்தைக் கெடுக்கும். எஸ்எல்ஆருக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை எடுத்துவிட்ட மிரர்லெஸ் உடலில் சோனிக்கு 18, நிக்கான் இசட்டுக்கு 16 மில்லிமீட்டர்தான். மீதி இடத்தை நிரப்ப வெறும் உலோக வளையம் போதும். யாஷிகா, மினோல்டா, செனித் என்று எந்த லென்ஸும் அதில் உட்காரும். 2013ல் சோனி ஏ7 வந்தபோது உலகம் முழுக்கப் பழைய லென்ஸ்கள் பீரோவை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சென்சாரின் அளவில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள் என்பேன். 24க்கு 36 மில்லிமீட்டர், அதாவது உங்கள் நெகட்டிவின் அதே அளவுள்ள சென்சாரைத்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறார்கள். ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சாரில் உங்கள் 50 எம்எம், 75 எம்எம் பார்ப்பதைத்தான் பார்க்கும். 28 எம்எம் 42 ஆகிவிடும். முகம் எடுப்பவருக்கு இதில் நஷ்டமில்லை. சின்ன வீட்டுக் கூடத்தில் நலங்கு எடுப்பவர் சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். ஆகவே, புது ஏபிஎஸ்-சி கேமராவைவிடப் பழைய ஃபுல் ஃபிரேம் மேல். சோனி ஏ7 மார்க் 2, நிக்கான் இசட்5, இசட்6 ஆகியவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. மூன்றிலும் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தைச் சரிசெய்யும். நாற்பது வருடப் பழைய லென்ஸுக்கும் அது பலிக்கும்.

மெகாபிக்சல் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 24 மெகாபிக்சல் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 20 அங்குல நீளம் வரும். 12க்கு 18 பிரிண்ட்டுக்கு அது தாராளம்.

ஃபோகஸ் விஷயத்தில்தான் பலருக்கு முதல் நாளே எரிச்சல் வரும். வ்யூஃபைண்டரின் நடுவில் உடைந்து நிற்கும் கோடு ஒன்று சேரும் வரை வளையத்தைத் திருப்பிப் பழகியிருப்போம். டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் அந்த ஸ்பிளிட் இமேஜ் திரை கிடையாது. மிரர்லெஸ்ஸில் ஒரு பட்டனை அமுக்கினால் கண்ணிமை முடி வரை பெரிதாகிவிடும். ஒரு வாரம் பழகினால் கை அந்தப் பட்டனைத் தானே தேடிப் போகும்.

லென்ஸ் கழற்ற முடியாத யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவற்றைத் தோளில் மாட்டித் திரிந்தவர்கள் ஃபியூஜி எக்ஸ்100 வரிசையைப் பார்க்கலாம். அதுவும் ஒரே லென்ஸ் கேமராதான், ஷட்டர் வேகத்துக்கு மேலே தனி டயல் உண்டு. வயிற்றருகே வைத்துக் குனிந்து பார்க்கும் யாஷிகா மேட் ஆட்கள், மேல்நோக்கிச் சாயும் திரை உள்ள கேமராவாகப் பார்த்து வாங்கி, மெனுவில் சதுர வடிவத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கடையிலேயே இரண்டு சோதனைகளை முடித்துவிடுங்கள். அபெர்ச்சரை 16ல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; சென்சாரில் தூசியோ கீறலோ இருந்தால் கரும்புள்ளியாக நிற்கும். பிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புது இடம் நகர்ந்து வரும். இங்கே ஒரே சென்சார்தான், தூசி எல்லாப் படத்திலும் வரும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். உதாரணத்துக்கு, டி750ன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது.

வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ள வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. நெகட்டிவ் பிலிம் எடுத்தவர்கள் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டி வைப்பார்கள். வெளிச்சம் கூடினாலும் பிரிண்ட் போடும்போது லேப்காரர் இறக்கிக்கொள்வார். டிஜிட்டலில் அந்தத் தாராளம் ஆபத்து. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரை அப்படி எடுத்தால் வேட்டியின் மடிப்பும் கரையும் அழிந்து வெற்றுக் காகிதமாகிவிடும்; எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஸ்லைடு பிலிம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. வேட்டிக்கு வெளிச்சத்தை அளந்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ ஃபைலாக எடுங்கள். முகத்தில் விழுந்த நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம்.

இரவில் எடுப்பவர்களுக்கோ திருவிழாதான். தெருக்கூத்து எடுக்க 400 பிலிமை 1600 என்று வைத்து, லேப்பில் கூடுதல் நேரம் கழுவச் சொல்லி, உப்புத் தூவியதுபோன்ற படங்களோடு திருப்திப்பட்டோம். இன்றைய ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ 6400 வைத்தால் அதைவிடச் சுத்தமாக வரும். அடுத்த படத்துக்கே 100க்கு இறங்கலாம். ரோல் தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

புதுக் கேமராவுக்கு நான் தரும் முதல் வேலை, பழைய நெகட்டிவ்களைப் படம் எடுப்பது. எல்இடி ஒளிப்பலகை, மேக்ரோ லென்ஸ், கீழ்நோக்கிக் கேமராவைப் பிடிக்கும் ஸ்டாண்ட், இவ்வளவுதான் செலவு. நெகட்டிவ் வைக்கும் இடத்தில் முதலில் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். வ்யூஃபைண்டரின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரியும் வரை கேமராவைச் சரிசெய்தால் சாய்வு போய்விடும். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் 8, கை படாமல் இருக்க செல்ஃப் டைமர். 1960ல் அரசு தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ சுருளில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் முன் அவற்றை எடுத்தாக வேண்டும். எடுத்ததை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பதிந்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். கறுப்பு வெள்ளையை அப்படியே தலைகீழாக மாற்றினால் போதும் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.