ஸ்டிக்கரைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

ஜெகதாப்பட்டினத்தில் பழைய விசைப்படகு ஒன்று விலைக்கு வந்தால், பெயின்ட்டைப் பார்த்து யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, புகையின் நிறம் பார்த்து, சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் விலைப் பேச்சு. அதே வீட்டுப் பிள்ளை கல்லூரிப் படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு லேப்டாப் கேட்டால் மட்டும், மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி ஐம்பதாயிரம், அறுபதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். வாரத்தில் மூன்று நாள் தொழில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று வாழும் ஊரில் சேர்ந்த பணம் அது.

ஸ்டிக்கரில் இருக்கும் 'ரைசன் 5', 'ஐ5' எல்லாம் பிராசசரின் குடும்பப் பெயர்தான். ஆள் யாரென்று தெரிய முழு எண்ணையும் கேட்க வேண்டும்.

ரைசன் 5 7520யு, ரைசன் 5 7535எச்எஸ் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முதலில் வரும் 7, 2023ஆம் ஆண்டு வரிசை என்பதைக் குறிக்கிறது. சூட்சுமம் மூன்றாவது எண்ணில் இருக்கிறது. 7520இல் அது 2. அதாவது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7535இல் அது 3. ஜென் 3 பிளஸ், ஆறு கோர். கடைசி எழுத்தையும் விடாதீர்கள். 'யு' என்றால் 15 வாட் அளவில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் ரகம். 'எச்', 'எச்எஸ்' என்றால் 35, 45 வாட் எடுத்து உழைக்கும் ரகம். கேமுக்கு இரண்டாவதுதான் சரி.

ஆனால் பிராசசருக்கே பணத்தையெல்லாம் கொட்டிவிடக் கூடாது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியிலும் நான்கு ஜென் 2 கோர்தான். இருந்தும் பெரிய கேம்களை அது ஓட்டுகிறது. காரணம், அதன் கிராஃபிக்ஸில் எட்டு யூனிட். 7520யுவில் இரண்டே இரண்டு. இன்டெல்லிலும் கணக்கு இதுதான். 2022இன் ஐ5-12450எச், 2023இன் ஐ5-13420எச் இரண்டிலும் அதே எட்டு கோர். பழையது மலிவாகக் கிடைத்தால் அதை எடுத்து, மிஞ்சும் பணத்தைத் தனி கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள். அங்கேயும் விசாரியுங்கள்: ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. 35 வாட்டில் இயங்குவதும் உண்டு, 80 வாட்டில் இயங்குவதும் உண்டு.

தனி கார்டு வாங்க வசதியில்லையென்றால், 16 ஜிபி ரேமை இரண்டு எட்டாகப் போடச் சொல்லுங்கள். பிராசசரோடு இருக்கும் கிராஃபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது. இரண்டு வழியாகத் தரவு வந்தால் கேம் திக்காமல் ஓடும்.

நம் கடற்கரைக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு. புழுக்கத்தில் பிராசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உப்புக் காற்றும் தூசியும் விசிறியில் படியும். கீழே காற்று போகும் துளைகள் தாராளமாக இருக்கிற மாடலாகப் பாருங்கள். மெத்தைமேல் வைத்து விளையாட வேண்டாம்.

அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ கடையில் நிற்கும்போது, டிஸ்ப்ளேவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் பிராசசரின் முழு எண், ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, கிராஃபிக்ஸ் எது என எல்லாம் தெரியும். இரண்டு நிமிட வேலை. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தே பழகிய வீடு நம்முடையது; இதையும் அப்படியே பார்த்து வாங்குவோம்.